வெள்ளைக்கோழி வேண்டாம் என்கிற மகளுக்கு

அழகுமீனா, உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வழக்கமாக உன் கடிதம் வந்தால் தபால்காரர் தெருமுனை திரும்புவதற்குள் பதில் எழுதி ஒட்டிவிடுகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், அதையும் இரண்டு தடவை படித்தவன்தான். ஆனாலும் நாச்சியாபுரத்தில் பாதி ஊருக்கு மனு எழுதிக் கொடுக்கிற கை இது. என் எழுத்தைப் பார்த்துவிட்டு தாசில்தாரே, "இதை எழுதினவர் பி.ஏ. படித்தவரா" என்று கேட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான் என்றாலும், அவர் கேட்கக்கூடிய மனிதர்தான். அப்படிப்பட்ட கை பத்து நாளாக நகரவில்லை. உன் சித்தி இரண்டு தடவை பேனாவுக்கு மை போட்டுக் கொடுத்தாள். மை காய்ந்ததுதான் மிச்சம்.

நீ கேட்டது சின்னக் கேள்வி. மாப்பிள்ளைக்குக் காளையார்கோவில் பக்கம் பங்கு பிரிந்து வந்த நிலத்தில் ஓட்டு வீடு கட்டி முடியப்போகிறது, குடிபோனதும் கோழி வளர்க்கலாம் என்று இருக்கிறோம், முதல் கோழி எந்த இனமாக இருக்கட்டும் சித்தப்பா என்று கேட்டிருந்தாய். மாப்பிள்ளை வெள்ளை லெகார்ன்தான் வேண்டும் என்கிறார், நான் வெள்ளைக்கோழியை வாசல்படி ஏற விடமாட்டேன், அம்மா வீட்டை அழித்தது அதுதானே என்று அழுத்தி எழுதியிருந்தாய். கடைசியில், காகிதத்தின் ஓரத்தில் நெருக்கி, இன்னொன்றும் எழுதியிருந்தாய். முதல் அடைக்கு முட்டை வைக்க அம்மாவைக் கூப்பிட்டேன், "என் கை கோழிக்கு ஆகாத கை, உன் மாமியாரை வைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டது என்று. அந்த ஓரத்து வரிதான் என் கையைக் கட்டிப்போட்டது. இனத்தைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நிற்காமல் பேசுவேன். அந்த வரிக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், பன்னிரண்டு வருஷமாக நான் சொல்லிவந்த ஒரு கதையை நானே பிடுங்கிப் போட வேண்டும்.

முதலில் கோழி விஷயத்தை முடிக்கிறேன். இந்தச் சீமையில் கோழி தெரிந்தவன் யார் என்று கேட்டால், திருப்பத்தூரிலிருந்து தேவகோட்டை வரை என் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். பெருவிடை பார்க்க ராஜா மாதிரி இருக்கும். கறி இருக்கும், சண்டை இருக்கும், ஆனால் வருஷத்துக்கு அது போடுகிற முட்டையை உன் மடியில் கட்டிவிடலாம். உடம்பு கனம் என்பதால் அடையில் உட்கார்ந்தால் முட்டையை மிதித்து உடைக்கும். சிறுவிடை பார்வைக்கு ஒன்றுமில்லாதது. அதற்குத் தெரிந்த வேலை இரண்டுதான், அடை காப்பதும் பருந்தைத் துரத்துவதும். வெள்ளை லெகார்ன் ஆபீஸ் வேலைக்குப் போகிறவன் மாதிரி தினம் தவறாமல் முட்டை போடும், ஆனால் தன் முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதை அடையில் உட்காரவைக்க நினைப்பது காகத்துக்குக் கோலம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த மூன்றையும் சேர்த்து என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் அம்மாவுக்குத் தோன்றியது.

உன் அப்பா, என் அண்ணன், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது உனக்கு ஆறு முடிந்து ஏழு. கானாடுகாத்தானுக்கு மேற்கே, கண்மாய்க்கரையை ஒட்டி அவர் வாங்கிப்போட்ட செம்மண் காட்டில், அவர் கட்டின இரண்டு அறை வீட்டில்தான் நீங்கள் இருந்தீர்கள். அம்மாவோடு பிறந்த உன் பெரிய மாமா காரைக்குடியில் மளிகைக் கடை வைத்திருந்தார். கருமாதி முடிந்த கையோடு, "காட்டுக்குள்ள ஒரு பொம்பளை பிள்ளையை வச்சுக்கிட்டுத் தனியா இருக்கப்படாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு வீட்டுக்கு வா" என்றார். என் மதினி, உன் அம்மா, அன்றைக்கு வரை அண்ணனுக்கு எதிராகத் தலையைக்கூட ஆட்டாதவர், முதல்முறையாக மாட்டேன் என்றார். "இது அவுக கட்டுன வீடு. இங்கயே பொழச்சுப் பாக்குறேன்." மாமா கெட்டவர் இல்லை. கோபத்தை முழுங்கிக்கொண்டு, "சரி, வைகாசி முடிய பாப்பம். உன்னால ஒண்ணும் முடியலைன்னா சாமானைக் கட்டிக்கிட்டு வந்துரணும். அப்பறம் பேச்சு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது தை மாதம்.

அந்த நாலைந்து மாதத்தில் உன் அம்மா செய்த காரியம் கோழி. அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்து ஒன்பது சிறுவிடைக் கோழி சேர்த்தார். நான் சும்மா இருப்பேனா. "சின்னக் கோழியை வச்சு என்ன மதினி செய்யப்போறீக, குஞ்சுக்கோழி மாதிரி இருக்கு. நல்ல பெருவிடையா பத்து பிடிச்சுத் தாரேன், நம்ம வீட்டுக் கௌரவத்துக்கு அதுதான் அழகு" என்றேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். மறுவாரம் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தனியாக நடந்துபோய், அங்கிருந்த கம்பவுண்டரைப் பிடித்து, அவர் மூலமாக அரசாங்கப் பண்ணையிலிருந்து ஆறு வெள்ளைப் பெட்டையும் ஒரு வெள்ளைச் சேவலும் கொண்டுவந்துவிட்டார். எனக்கு மூக்கறுந்த மாதிரி இருந்தது. "சீமைக்கோழி அடையில உக்காராதே, அப்பறம் குஞ்சுக்கு எங்க போவீக" என்று கேட்டேன். உன் அம்மா பதில் சொன்னார்: "வெள்ளை போடும், சின்னது காக்கும். ரெண்டும் ரெண்டு வேலை. ஒரே ஆள் எல்லாத்தையும் செய்யணும்னு எதுக்கு எதிர்பாக்குறீக கொழுந்தனாரே."

இதைவிடப் பெரிய கோழி சாஸ்திரத்தை நான் எந்தப் பண்ணையிலும் கேட்டதில்லை. வெள்ளைக்கோழி முட்டையில் பெரும்பங்கு கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு ஆச்சிக்குப் போயிற்று. அவர் வாரம் தவறாமல் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மீதியில் பதின்மூன்று முட்டையைத் தேர்ந்து, சிறுவிடையிலேயே அடக்கமான சாம்பல் நிறக் கோழிக்கு அடை வைத்தார். பங்குனி பிறக்கும்போது அந்த வீட்டில் காலை எழுந்ததும் கேட்கிற சத்தமே வேறாக இருந்தது. மாமாவே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

இனி எழுதப்போவதை மாப்பிள்ளையும் படிக்கட்டும், உன் மாமனார் வீட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஒளித்து வைக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் கண்டால், இன்னும் சாகாமல் இருக்கிற கோழியைக் கூடையில் போட்டு, வேறு ஊரில் இருக்கிற உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. ஊர் மாறினால் பிழைத்துவிடும் என்று நம்பிக்கை. வாங்குகிறவர்களும் மறுக்கமாட்டார்கள், உறவு கொண்டுவந்த கோழியைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை. இப்படித்தான் ஒவ்வொரு கோடையிலும் சீக்கு பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்வந்தது. அந்தப் பங்குனியில் நாச்சியாபுரத்தில் மேலத்தெருவில் இறங்கிவிட்டது. என்னிடம் அப்போது ஒரு பெருவிடைச் சேவல் இருந்தது. செந்நிறம், நிமிர்ந்து நின்றால் என் இடுப்பு வரை வரும். சரி, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதை வைத்துத்தான் ஊரில் நான் நாலு பேர் மத்தியில் நின்றேன். மேலத்தெருவில் கோழிகள் சாகச் சாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அந்தச் சேவலையும் இரண்டு பெட்டையையும் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, காரைக்குடி போய் பஸ் மாறி, வெயில் ஏறுவதற்குள் உங்கள் வீட்டு வேலிப்படலில் போய் நின்றேன்.

உன் அம்மா வரப்பிலிருந்து வந்தார். "என்ன கொழுந்தனாரே, சொல்லாமக் கொள்ளாம வாரீக."

"அண்ணன் பிள்ளைக்குச் சித்தப்பன் சீர் வேண்டாமா. பெருவிடை மதினி. சாதிச் சேவல். ஒங்க மந்தையில இதுவும் நிக்கட்டும்."

உன் அம்மா கூடையைத் தொடவில்லை. துண்டு மேல் ஒரு கண்ணும் என் மேல் ஒரு கண்ணுமாக நின்றார். "கேக்குறேன்னு தப்பா நினைக்காதீக. ஒங்க ஊர்ல கோழி எதுவும் சாகுதா?"

நான் யோசிக்கவில்லை மீனா. யோசித்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி வந்திருக்கும். என் வாய்க்கு யோசிக்கிற பழக்கம் இல்லை. "நம்ம ஊர்லயா, ஒரு கோழிக்குத் தும்மல்கூட இல்லை. ஊர்க் கோழியெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு" என்றேன். உன் அம்மாவின் முகம் தெளிந்தது. நான் சொன்னதை நம்பி, தன் கையாலேயே துண்டை அவிழ்த்தார். நீ ஓடிவந்து சேவலின் கொண்டையைத் தொட்டாய்.

கோழிக்கூட்டுக்குப் புதுத் தட்டி கட்டித் தருகிறேன் என்று நான் அங்கேயே தங்கினேன். தட்டி கட்டுவது சாக்கு. என் சேவலை விட்டுப் போக மனசில்லை. புதன்கிழமை விடியும்போது நான்தான் முதலில் எழுந்தேன். நான் கொண்டுவந்த பெட்டையில் ஒன்று கோழி மூடுகிற பஞ்சாரக் கூடைக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கீழே பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்திருந்தது. மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு பார்த்த கழிச்சல்தான். அப்போது நான் உன் அம்மாவை எழுப்பி, "மதினி, நான் சொன்னது பொய், இதைப் பிரிச்சு வையுங்க, கம்பவுண்டரைக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கலாம். மற்றதெல்லாம் அன்றைக்கு நன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருந்தது. சொல்லியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். நான் அந்தப் பெட்டையின் கழுத்தைத் திருகி, கண்மாய்க் கரைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தேன். நீ வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றாய். "சித்தப்பா, மம்பட்டி எதுக்கு?" என்று கேட்டாய். "எலிவளை இருக்கு ஆத்தா, மூடிட்டு வாரேன்" என்றேன். உன் அம்மா ஒரு கோழி குறைகிறதே என்றபோது, "கீரி கொண்டுபோயிருச்சு மதினி, நானே பாத்தேன், வால் மட்டும் மூணு அடி இருந்துச்சு" என்றேன்.

வியாழக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. ஒவ்வொரு கோழியும் இரை பொறுக்கக் குனிகிற போதெல்லாம் அது நிமிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா, "என்ன கொழுந்தனாரே, கோழியவே பாத்துக்கிட்டு இருக்கீக, பொண்ணா பாக்குறீக" என்று கேலி செய்தார். சிரித்தேன். அது தப்பிவிட்டது, ஒன்றோடு போய்விட்டது, நம் கருப்பர் காப்பாற்றிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் சிறுவிடையில் இரண்டு இறக்கையைத் தொங்கப்போட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன.

அதற்கப்புறம் நடந்ததில் எதையும் நான் கூட்டிச் சொல்லப்போவதில்லை. கூட்டுவதற்கு இடமே இல்லை. உன் அம்மா சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு, கீழாநெல்லி எல்லாவற்றையும் அம்மியில் வைத்து அரைத்தார். ஒவ்வொரு கோழியாக மடியில் தூக்கிவைத்து, அலகைப் பிரித்து, உருண்டையை உள்ளே தள்ளி, தொண்டையைத் தடவிக் கொடுத்தார். கோழியைத் தொட்ட கையைக் கழுவாமலே அடுத்த கோழியைத் தொட்டார், கழுவ நேரம் இல்லை. ஞாயிறு மூன்று, திங்கள் ஐந்து. மிச்சம் இருந்தது ஒரு சிறுவிடை மட்டும். என் இரண்டாவது பெட்டையும் போயிற்று. மருந்து கொடுத்த மடியிலேயே கழுத்து பின்னால் திருகிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் உன் அம்மா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு, "நான் தொட்டதெல்லாம் போகுதே" என்றார். அந்தக் கை விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது. நான் இரண்டு முழம் தள்ளித்தான் நின்றேன். அந்தக் கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

மிச்சமிருந்த அந்தச் சிறுவிடைதான் அடையில் இருந்த சாம்பல் கோழி. செவ்வாய் காலை அதுவும் அடைப்பெட்டியிலேயே தலை சாய்ந்துவிட்டது. அன்றைக்கு அடையின் பதினெட்டாவது நாள். இன்னும் மூன்று நாள் இருந்தால் பொரித்திருக்கும். உன் அம்மா கோழியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, தவிட்டைச் சட்டியில் வெதுவெதுப்பாக வறுத்துத் துணியில் பரப்பி, பதின்மூன்று முட்டையையும் அதில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மூணு நாள்தானே, நானே உக்காந்துக்கிறேன்" என்றார். என்னைக் கம்பவுண்டரைக் கூட்டிவர அனுப்பினார்.

கம்பவுண்டர் சைக்கிளில் வந்து இறங்கிய அதே நேரத்தில், சேதி கேள்விப்பட்டு உன் மாமாவும் வந்துவிட்டார். முற்றம் வெறிச்சென்று கிடந்தது. நடுவில் ஆறு வெள்ளைப் பெட்டையும் ஒரு வெள்ளைச் சேவலும் மட்டும், ஒன்றும் நடக்காத மாதிரி, கொக்கரித்துக்கொண்டு மேய்ந்தன. ஒன்றுக்குக்கூட ஒரு இறகு வாடவில்லை. மாமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கம்பவுண்டர் உன் அம்மா காதில் விழாத தூரத்தில் நின்று என்னிடம் கேட்டார். "சமீபத்துல வெளியூர்க் கோழி ஏதாச்சும் உள்ள வந்துச்சா?"

என் சேவல் வேலியோரத்தில் கழுத்துக் கோணிக்கொண்டு நின்றது. அவர் அதைப் பார்ப்பதற்குள் நான் கையை நீட்டிவிட்டேன். "இந்தா, இந்த வெள்ளைதான். சீமைக்கோழி. இது வந்ததுக்கப்பறம்தான்."

"இதுக வந்து ரெண்டு மாசம் ஆச்சே. பண்ணையில ஊசி போட்டு அனுப்புன கோழிக இதுக. அதனாலதான் நிக்குது. வேற எதுவும் வரலையா?"

"வேற எது வரும்" என்றேன்.

மாமாவுக்கு ஊசி காதில் விழவில்லை. "தான் சாகாம ஊரைச் சாகடிச்சிருக்கு சனியன். யார் சொல்லி இதைக் கொண்டாந்தே?" என்று உன் அம்மாவிடம் கேட்டார். உன் அம்மா மடியில் முட்டையோடு உட்கார்ந்தபடி என்னைத்தான் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். நான் வேலியைப் பார்த்தேன். "நான்தாண்ணே கொண்டாந்தேன்" என்றார். மாமா சத்தம் போடவில்லை. "வைகாசி வரைக்கும் எதுக்கு. எந்திரி" என்றார். உன் அம்மா எழுந்திருக்கவில்லை. "மூணு நாள் குடுங்கண்ணே. இது பொரிச்சிரும்." மாமா குனிந்து துணியோடு முட்டையை வாங்கிக் கீழே வைத்தார். மறுநாள் வண்டி வந்தது. நீ வண்டியின் பின்னால் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டே போனாய்.

அந்த ஏழு வெள்ளைக்கோழியையும் அழித்துவிடுகிறேன் என்று மாமாவிடம் சொல்லிக் கோணியில் கட்டி எடுத்துப் போனவன் நான்தான். அழிக்கவில்லை. உன் சித்தியின் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இரண்டு வருஷம் முட்டை போட்டன. போகும்போதெல்லாம் நானும் சாப்பிட்டேன். என் சேவல் கழுத்துக் கோணலோடு பிழைத்தது. நரியோடு சண்டை போட்டதில் அப்படி ஆயிற்று என்று நாச்சியாபுரம் டீக்கடையில் சொன்னேன். வெள்ளைக்கோழி ஒரு குடும்பத்தை அழித்த கதையையும் அதே டீக்கடையில் உட்கார்ந்துதான் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்து, வெள்ளைச் சேவல் கூவினால் வீடு காலி என்கிற வரைக்கும் வந்துவிட்டது. நீ அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். உன் அம்மாவும் கேட்டார். அதிலிருந்து கோழியைத் தொடவில்லை. மாமா வீட்டு அடுப்படியில் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. நிலம் குத்தகையில் போய், வீடு ஓடு சரிந்து, இப்போது சுவர் மட்டும் நிற்கிறது.

நேற்று, வியாழக்கிழமை, டீக்கடையில் ஆள் சேருகிற நேரமாகப் பார்த்துப் போய், இவ்வளவையும் சொன்னேன். கடைக்காரர், "ஏப்பா, நரி?" என்று மட்டும் கேட்டார். "நரியும் இல்லை" என்றேன். அங்கிருந்து நேராகக் காரைக்குடிக்கு பஸ் ஏறினேன். முதலில் கடையில் மாமாவிடம் சொன்னேன். தராசுத் தட்டைப் பிடித்தபடியே கேட்டார். "உள்ள போய் அதுகிட்டச் சொல்லு" என்றார்.

உன் அம்மா கொல்லையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். மேலத்தெருச் சீக்கு, கூடை, மண்வெட்டி, கம்பவுண்டர் கேட்டது, எல்லாவற்றையும். ஆய்கிற கை நிற்கவில்லை. பிறகு, "வருசம் பன்னெண்டு. மாசம் ஒரு தடவை வந்துருப்பீக. வரும்போதெல்லாம் இந்தக் கையால காப்பி போட்டுத் தந்தேன். குடிச்சுட்டுப் போனீக" என்றார்.

துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"பதினெட்டு நாள் ஆயிருந்துச்சு. காதுல வச்சுப் பாத்தேன், அன்னிக்கு. உள்ள கொத்துற சத்தம் கேட்டுச்சு" என்றார். அப்புறம் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகத் திரும்பினேன். கூப்பிட்டு நிறுத்தினார். காப்பி போடுவதற்கு இல்லை.

"அவளுக்கு எழுதுங்க. வெள்ளையும் வாங்கச் சொல்லுங்க, சின்னதும் வாங்கச் சொல்லுங்க. வாங்குனதும் ஊசி போட்டுரணும். வெளிய இருந்து எந்தக் கோழி வந்தாலும் மூணு வாரம் தனியாக் கட்டி வைக்கணும், கொண்டுவந்தவுக மனசு சங்கடப்பட்டாலும் சரி. அடைக்கு நான் வந்து முட்டை வைக்கிறேன்னு எழுதுங்க. நீங்க அங்க வருவீகள்ல?"

"வாரேன் மதினி."

"வெறுங்கையோட வாங்க" என்றார்.

அதனால் மீனா, புதுவீட்டுக்கு முதல்முறையாக வருகிற பெண்ணின் சித்தப்பன், உன் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தவன், ஒரு பழத்தட்டுகூட இல்லாமல் வந்து நிற்பான். வேலிப்படலுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கைகாலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவேன். மாப்பிள்ளை வீட்டில் யாராவது தப்பாக நினைத்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

உன் சித்தப்பன்